நுரைச்சோலை நின்றால் பெட்டியைத் திறப்பது யார்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்து சிறிது நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் வலுசக்தி அமைச்சர் குமார ஜயகொடி. மாலைக்குள் அந்தக் குரங்கு உலகப் புகழ் பெற்றுவிட்டது. முகநூல் முழுக்க அதுதான். நானும் இரண்டு படங்களைப் பகிர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிரவுக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பியது. ஆனால் 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணித்தியாலச் சுழற்சி மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அதற்குக் குரங்கு காரணமில்லை. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் அந்த அதிர்ச்சியில் நின்றுவிட்டன, அவற்றை உடனே திருப்பி ஓடவைக்க முடியவில்லை. 2016 மார்ச்சில் நடந்த நாடளாவிய மின்தடைக்குப் பிறகும், 2020 ஓகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டியில் தொடங்கிய மின்தடைக்குப் பிறகும் இதே கதைதான். மற்ற நிலையங்கள் எழுந்து நிற்கும், நுரைச்சோலை மட்டும் நாட்கணக்கில் படுத்திருக்கும். நாடு அதற்காகக் காத்திருக்கும்.

ஏன் என்று கேட்டால் ஒவ்வொருமுறையும் ஒரு வரிப் பதில் வருகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதைப் பார்க்கும் கருவி யாரிடம் இருக்கிறது என்று தேடித்தான் புத்தளம் கரையோரத்துக்குப் போனேன். (கிழக்கு வாசகர்களுக்கு: இது அம்பாறை நுரைச்சோலை அல்ல. சுனாமி வீட்டுத்திட்டம் பாழடைந்து கிடக்கும் அந்த ஊர் வேறு.)

பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலையையும் உப்பளங்களையும் கடந்து கற்பிட்டி வீதியில் திரும்பினால், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். இடையில் மணல் நிலத்தில் மிளகாயும் வெங்காயமும். காற்றாலைகளுக்கு அப்பால் புகைபோக்கி தெரியத் தொடங்கும். அதிகம் தள்ளாமல் தலவில புனித அன்னம்மாள் ஆலயம். நிலக்கரி நிலையம் இங்கே வருவதை மீனவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 2006இல் வேலை தொடங்கியது. முதலாவது 300 மெகாவாட் 2011இல் இணைக்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கை வந்தபோது 900 மெகாவாட்டும் முழுமையடைந்ததாகக் கொண்டாடினார்கள். கட்டியது சீன இயந்திரப் பொறியியல் கூட்டுத்தாபனம், கடன் கொடுத்தது சீன எக்ஸிம் வங்கி. நாட்டின் மின்தேவையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இந்த ஓர் இடம் கொடுக்கிறது.

நிலையத்துக்குள் போக எனக்கு அனுமதி இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை. நான் பார்க்கப் போனது அதே கரையில், வேறொரு தொழிற்சாலையில் கருவிப் பராமரிப்பு வேலை செய்யும் ஒருவரை. தொழிற்சாலையின் பெயரையும் அவருடைய பெயரையும் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நானா என்றுதான் கூப்பிட்டேன். மன்னார் முசலிப் பக்கம் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது பதின்மூன்று வயது. புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, ரேடியோ திருத்தப் பழகி, பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு சான்றிதழ் எடுத்திருக்கிறார். நான் கிளிநொச்சி என்றதும் ஒரு கணம் நிறுத்தி, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா தங்கச்சி" என்று கேட்டார். அந்தப் பேச்சு அவ்வளவில் முடிந்தது.

அவருடைய தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஒரு சிறிய நீர் சுத்திகரிப்புப் பிரிவு இருக்கிறது. இந்தக் கரையில் கிணற்று நீர் உவர். அதை உயர் அழுத்தத்தில் மென்சவ்வு வழியாகத் தள்ளி நன்னீராக்க வேண்டும், ஆர்.ஓ. என்று ஊரில் எல்லோரும் சொல்லும் முறைதான். பம்பு எப்போது ஓடவேண்டும், வால்வு எவ்வளவு திறக்கவேண்டும் என்பதை ஒரு சாம்பல் நிறப் பெட்டி தீர்மானிக்கிறது. பி.எல்.சி. என்பார்கள். தொட்டியில் நீர்மட்டத்தை அளக்கும் உணரி அந்த அளவை 4 முதல் 20 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டமாக மாற்றி அனுப்பும். தொட்டி காலி என்றால் 4, நிறைந்தால் 20. ஏன் பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை? கம்பி அறுந்தாலும் பூச்சியம்தானே வரும். தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்று பிரித்தறிய அந்த 4. நுரைச்சோலை போன்ற பெரிய நிலையங்களிலும் அடிப்படை இதுதான், ஆயிரக்கணக்கான உணரிகள் என்பது மட்டும் வித்தியாசம். கொதிகலன், விசையாழி, நிலக்கரி ஊட்டும் அரைவை என்று எல்லாம் ஒரு கட்டுப்பாட்டு வலையமைப்பில் சேர்ந்து, கட்டுப்பாட்டறைத் திரைகளில் எண்களாகத் தெரியும்.

2022இல் நானாவின் தொழிற்சாலையில் அந்தத் திரை செத்துப்போனது. பெட்டி உயிரோடு இருந்தது, அதோடு பேசும் தொடுதிரைதான் போனது. புதுத் திரை வாங்கலாம், ஆனால் அதற்குள் ஏற்றவேண்டிய கோப்பு தொழிற்சாலையிடம் இல்லை. நிறுவிக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பனி அதைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பி.எல்.சி. நிரலுக்கும் கடவுச்சொல். அதைத் திறக்கும் மென்பொருளுக்கு லைசன்ஸ், லைசன்ஸுக்கு டொலர். வங்கியில் டொலர் இல்லாத ஆண்டு அது.

"பதினொரு நாள் பவுசரில தண்ணி வாங்கினம்" என்றார். "முதலாளி ஒவ்வொரு நாளும் வந்து என்ட முகத்தப் பார்ப்பார். நான் பெட்டியப் பார்ப்பன்."

பிறகு அவர் செய்ததை விவரமாக எழுதுகிறேன், ஏனெனில் இந்தக் கட்டுரை சொல்லவருவதன் பாதி அதில் இருக்கிறது. அந்தப் பெட்டி 'மொட்பஸ்' என்ற மொழியில் பேசுகிறது. 1979இல் அமெரிக்காவின் மொடிகன் கம்பனி உருவாக்கியது. விதிமுறை பகிரங்கமானது, யாரும் படிக்கலாம். தொழிற்சாலைகளில் இன்றும் இது பரவலாக ஓடுகிறது. எண்ணிடப்பட்ட பெட்டகங்களில் பெறுமதிகளை வைத்திருப்பது போல அதன் அமைப்பு. எந்தப் பெட்டகத்தில் எது என்ற பட்டியல் மட்டும்தான் கம்பனியின் இரகசியம். நானா ஒரு பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டு, மொட்பஸ் வாசிக்கும் ஒரு கட்டற்ற சிறு கருவியை இறக்கி, பெட்டகங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இன்னொருவர் வால்வைக் கையால் கொஞ்சம் திறப்பார், எந்த எண் மாறுகிறது என்று இவர் பார்ப்பார். தொட்டியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள், எந்த எண் ஏறுகிறது என்று பார்ப்பார். மூன்று இரவுகள். ஒற்றை றூல் கொப்பி ஒன்றில் பட்டியல் உருவானது. அதை வைத்து, ஐ.பி.எம்.மில் 2013இல் பிறந்து பின்னர் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட 'நோட்-ரெட்' என்ற மென்பொருளில் புதுத் திரை ஒன்றை அவரே வரைந்தார். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்தது.

வாசிக்கும்போது இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. தொட்டி மட்ட உணரி நீண்ட காலமாகவே தவறாக அளந்துகொண்டிருந்தது. பம்பு தேவைக்கு மேல் ஓடி மின்கட்டணம் ஏறியதற்கு அதுதான் காரணம். பழைய திரையில் அது தெரியவே இல்லை, ஏனெனில் பழைய திரை தொட்டியை நீலநிறப் படமாகத்தான் காட்டும், எண்ணைக் காட்டாது.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. இலவசம் என்பது ஒன்று, கட்டற்றது என்பது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் அவர்கள் நாற்பது வருடங்களாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது அவர் பேசியது விலையைப் பற்றி அல்ல. ஓட்டவும், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் உள்ள உரிமையைப் பற்றி. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு உலகில் இந்த வேறுபாடு சோற்றுப் பிரச்சினை. ஜெர்மனியின் கோட்சிஸ் கம்பனி நிரல் எழுதும் மென்பொருளைக் காசில்லாமல் தருகிறது. சீமென்ஸும் தன் வலையமைப்பைச் சோதிக்கும் புரொனெட்டா கருவியின் அடிப்படைப் பதிப்பைக் காசில்லாமல் தருகிறது. நல்ல கருவிகள், நானாவும் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் உள்ளே பார்க்க முடியாது, நாளைக்கு அவர்கள் நிறுத்தினால் கேட்க முடியாது. இது கடையில் கிடைக்கும் மாதிரிப் பொதி.

கட்டற்றவை வேறு வகை. ஜெரால்ட் கோம்ஸ் என்பவர் 1998இல் தொடங்கிய வயர்ஷார்க், வலையமைப்பில் ஓடும் ஒவ்வொரு செய்தியையும் பிடித்துக் காட்டும். மொட்பஸ், மின்கட்டமைப்புகள் பேசும் டி.என்.பி.3 எல்லாம் அதற்குப் புரியும். அலபாமாப் பல்கலைக்கழகத்தில் தியாகோ அல்வெஸ் உருவாக்கிய ஓபன் பி.எல்.சி., சில ஆயிரம் ரூபாய்ச் சிறு கணினியைத் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியாக மாற்றும். மாணவர்கள் பழகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.கூட கட்டுப்பாட்டு வலையமைப்புகளை வரைபடமாக்கும் கிராஸ்மார்லின் என்ற கருவியைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. அதை இறக்குவதற்கு முன் யோசிக்கத் தோன்றும், தப்பில்லை. ஆனால் மூலநிரல் கண்முன்னே இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. கொழும்பில் மட்டுமல்ல, நம்முடைய ஊர்க் கடைகளிலும் 'கிராக்' செய்த மென்பொருள் தாராளமாகக் கிடைக்கிறது. மறந்துபோன பி.எல்.சி. கடவுச்சொல்லை மீட்டுத் தருவதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரமான ஒரு கருவியை 2022இல் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தது. கடவுச்சொல் உண்மையாகவே கிடைத்தது. கூடவே 'சாலிட்டி' என்ற தீநிரலும் கணினிக்குள் போனது. நானாவின் தொழிற்சாலை பட்ட அதே அவதியில் இருக்கும் ஆட்களைக் குறிவைத்த தூண்டில் அது. 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் ஈரானின் நத்தன்ஸில் சீமென்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் புகுந்து யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களை நாசமாக்கியதையும், 2015 டிசம்பரில் உக்ரேனில் இரண்டேகால் இலட்சம் பாவனையாளர்கள் கணினித் தாக்குதலால் இருட்டில் கிடந்ததையும் நினைத்தால், இது வெறும் வைரஸ் பிரச்சினை இல்லை. மூலநிரல் தெரியாத இலவசத்தை ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கட்டற்ற கருவியையும் வாசிப்பதற்கு மட்டும்தான், எழுதுவதற்கு அல்ல. வலையமைப்பை வேகமாகத் துழாவும் கருவி ஒன்று பழைய பெட்டியைத் திகைக்கவைத்து நிறுத்திவிடவும் கூடும். நானா மூன்று இரவுகள் எடுத்ததற்குக் காரணம் அறியாமை அல்ல, பயம். சரியான பயம்.

இனி நுரைச்சோலைக்குத் திரும்பலாம். கட்டற்ற மென்பொருள் இருந்திருந்தால் அந்த மூன்று இயந்திரங்களும் அன்று மாலையே ஓடியிருக்குமா? இல்லை. நிலக்கரிக் கொதிகலனைச் சுவிட்ச் போட்டு எழுப்ப முடியாது. பம்புகளும் விசிறிகளும் ஓடவே முதலில் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். திடீரென நின்ற விசையாழியின் தண்டு சூட்டில் வளையாமலிருக்க மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், நீராவியின் தரம் சரியாகவேண்டும், வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றவேண்டும். இது இரும்பின் இயல்பு. 'சீனாக்காரன் பூட்டிவிட்டான்' என்று முகநூலில் எழுதுபவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பாணந்துறையில் ஒரு பொறி. அது ஏன் முழுத் தீவையும் விழுத்தியது? ஞாயிற்றுக்கிழமை நண்பகல், பாவனை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் கொஞ்சம், அதனால் கட்டமைப்பின் நிலைமம் குறைந்திருந்தது என்று மின்சார சபை பின்னர் விளக்கியது. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு வீட்டுக்காரர்களிடம் கேட்டதும் இதே பயத்தில். விளக்கம் பொருந்துகிறது. ஆனால் சரிபார்ப்பது எப்படி? எந்த நிலையம் எத்தனையாவது விநாடியில் விழுந்தது, எந்தப் பாதுகாப்பு ரிலே முந்திக்கொண்டது, நுரைச்சோலை தானாக விலகியதா அல்லது விலக்கப்பட்டதா?

இங்கேதான் நானாவின் கொப்பி பெரிதாகிறது. மின்கட்டமைப்புக் கோளாறு ஒன்று நடந்த கணத்தில் நவீனப் பாதுகாப்பு ரிலேக்கள் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் விநாடியின் சிறு கூறுகளாகப் பதிவுசெய்கின்றன. அந்தப் பதிவுகளுக்கு 'கொம்ட்ரேட்' என்ற பொது வடிவம் 1991 முதல் உண்டு. எந்தக் கம்பனி ரிலேயாக இருந்தாலும் அதே வடிவில் எடுக்கலாம். அதைத் திறக்க லைசன்ஸ் வேண்டியதில்லை, பைதன் மொழியில் கட்டற்ற நிரல்கள் இருக்கின்றன. கோப்பு கிடைத்தால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் ஒருவரும், ஒலுவிலில் இருக்கும் மாணவர் ஒருவரும், மின்சார சபையின் நிபுணரும் ஒரே அலைவடிவத்தைப் பார்த்து வாதாடலாம். 2019 ஓகஸ்ட் 9இல் பிரித்தானியாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளர்களுக்கு மின்சாரம் போனபோது, எந்த நிலையம் எந்தக் கணத்தில் விலகியது என்ற காலவரிசையோடு அறிக்கை பகிரங்கமானது. அந்தக் கட்டமைப்பின் அதிர்வெண்ணை விநாடிக்கு விநாடி யாரும் இறக்கிப் பார்க்கலாம். நமக்குக் குரங்கு கிடைத்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், நல்ல சட்டம். அதன் 5ஆம் பிரிவு வர்த்தக இரகசியத்துக்கும் புலமைச் சொத்துக்கும் பாதிப்பு ஏற்படுத்தும் தகவலை மறுக்க இடம்கொடுக்கிறது. பொதுநலன் அதைவிடப் பெரிது என்றால் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, கட்டுப்பாட்டு மென்பொருள் கம்பனியின் பூட்டுக்குள் எவ்வளவு அதிகமாக இருக்கிறதோ, 'இது கம்பனியின் இரகசியம்' என்று சொல்லவும் அவ்வளவு வசதி. பதிவுகள் பொது வடிவில், பொதுச் சொத்தாக இருந்தால் அந்தச் சாட்டு எடுபடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே இது தீர்மானமாகிவிடுகிறது.

கட்டுப்பாட்டுப் பெட்டி, லைசன்ஸ், பதிவுக் கோப்பு. போரால் எல்லாம் இழந்த மக்கள் படிக்கும் பக்கத்தில் இவை எதற்கு என்று இந்தக் கட்டுரையை எழுதும்போது நானே என்னைக் கேட்டேன். பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து அப்பா மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ உயிர் பெறும், அம்மா பிபிசி தமிழோசை கேட்பார். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, கிளப்புவதற்கு மட்டும் ஊசியால் சில துளி பெற்றோல். வழியில்லாமல் செய்தோம், அதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம், அந்தப் பொருட்களை எல்லாம் திறந்து பார்க்க முடிந்தது. டைனமோவுக்குக் கடவுச்சொல் கிடையாது.

இப்போது வடக்குக்கு வருபவை வேறு விதமானவை. மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது, டென்மார்க் வெஸ்டாஸ் கம்பனியின் இயந்திரங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீனக் கம்பனிக்குப் போய், அந்த வருட முடிவில் 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனை' காரணமாக இடைநிறுத்தப்பட்டு, பிறகு இந்திய மானியத்தில் இந்தியக் கம்பனிக்கு வந்தது. சீனாவா இந்தியாவா என்று பக்கம் பக்கமாக ஆய்வு எழுதினோம். அந்தத் தீவுகளில் சூரியத் தகடு, காற்றாலை, பற்றறி, டீசல் இயந்திரம் நான்கையும் ஒத்திசைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நிரல் யாரிடம் இருக்கும், உத்தரவாதக் காலம் முடிந்தபின் நெடுந்தீவிலிருந்து யாருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுதிய கட்டுரையிலும் இல்லை.

எனக்கு அதைவிட உறுத்துவது தாளையடி. வடமராட்சி கிழக்கில், சுனாமியும் போரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்ற கரையில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் மாதம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரின் நிலையை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. அது நானாவின் சிறு பிரிவைப் பல மடங்கு பெரிதாக்கிய இயந்திரம். அதே மென்சவ்வு, அதே உயர் அழுத்தப் பம்பு, தொட்டி மட்டத்தை எண்ணாக்கி அனுப்பும் அதே வகை உணரி. தொழிற்சாலைக்குப் பதினொரு நாள் தண்ணீர் இல்லையென்றால் பவுசர் வரும். ஊருக்கு?

தீர்வு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஒப்பந்தத்தில் சில வரிகள். நிறுவி முடிந்ததும் கட்டுப்பாட்டு நிரலின் மூலப்பிரதி, திரைக் கோப்புகள், பெட்டகப் பட்டியல், கடவுச்சொற்கள் யாவும் நிலையத்தை நடத்தும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். பதிவுகள் பொது வடிவில் கிடைக்க வேண்டும். உள்ளூர் ஆட்கள் லைசன்ஸ் இல்லாமல் வாசிக்கக்கூடிய வழி ஒன்றாவது இருக்க வேண்டும். கடன் கொடுப்பவர் யாராக இருந்தாலும் இதைக் கேட்கலாம். மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் வேலை 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தோடு தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், எந்தக் கோப்பு எந்தக் கம்பனியிடம் போகிறது என்று கேட்பது இன்னும் அவசரம். பிரிவினையில் காணி பிரிப்பார்கள், கட்டடம் பிரிப்பார்கள், பழைய கணினியில் இருக்கும் ஒரே பிரதி காணாமல் போகும்.

இந்த நாட்டில் ஆள் இல்லை என்ற சாட்டும் வேண்டாம். 2004 சுனாமி அடித்த சில வாரங்களில், காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைக் கணக்கெடுக்க இலங்கைப் பொறியியலாளர்கள் தொண்டாக எழுதிய சகனா என்ற கட்டற்ற மென்பொருள் பிறகு பாகிஸ்தான் பூகம்பத்திலும் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை ஸ்டோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குத்தான் கொடுத்தது. அந்தத் தலைமுறை கொழும்பில் இருந்தது. அடுத்தது கிளிநொச்சியிலும் இருக்கலாம். முழுத் தீவிலும் மின்சாரத்தின் அதிர்வெண் ஒன்றேதான். பாணந்துறையில் கட்டமைப்பு தடுமாறினால் அறிவியல்நகரில் சுவர் பிளக்கில் அது அதே விநாடி தெரியும். சின்ன மின்மாற்றி அடாப்டர் ஒன்று, ஒரு சிறு கணினி, கட்டற்ற நிரல் ஒன்று இருந்தால் இரவும் பகலும் பதிவுசெய்து வைக்கலாம். அடுத்தமுறை குரங்கோ அணிலோ வரும்போது நம்மிடம் சொந்தமாக ஒரு கோடு இருக்கும், அமைச்சரின் வசனத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதை நானாவிடம் சொன்னபோது உற்சாகமாகிவிட்டார். எங்களுடைய மாணவர்களுக்குக் கொடுங்கள் என்று தன் கருவிகள் எல்லாவற்றையும் தர முன்வந்தார். கொப்பியை மட்டும் கொடுக்கமாட்டாராம், அது முதலாளியின் சொத்து. அதன் முறையை மட்டும், எந்த வால்வை முதலில் திறப்பது, எதைத் தொடவே கூடாது என்று நான்கு பக்கத்தில் எழுதித் தந்தார். நான் என்னுடைய பென்டிரைவை நீட்டினேன். அதை வேலை லப்டொப்பில் செருகாமல், அலுமாரிக்கு மேலிருந்து வலையமைப்பே இல்லாத ஒரு பழைய கணினியை இறக்கி, அதில் போட்டுச் சோதித்தார்.

"இதுல ரெண்டு வைரஸ் இருக்கு தங்கச்சி" என்றார். "முதல்ல இதத் துடைப்பம்."